ஸ்வீடன்ல மாஸ்டர்ஸ் அப்ளை பண்றது எப்படி: இந்த ஆகஸ்ட்ல இருந்து அடுத்த ஆகஸ்ட் வரைக்கும், வரிசையா

நான் ஸ்வீடன்ல லின்ஷோப்பிங் யுனிவர்சிட்டியில ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சு முடிச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஊர்ல இருந்து ஜூனியர் பசங்க, பொண்ணுங்க, தம்பியோட ஃப்ரெண்டுன்னு யாராவது கேட்டுட்டே இருப்பாங்க, நானும் உக்காந்து கூடவே அப்ளிகேஷன் போட்டுக் குடுத்திருக்கேன். அப்படிப் பாத்ததுல ஒண்ணு தெளிவாத் தெரிஞ்சுது. மார்க் கம்மியா இருந்து சீட் போனவங்களை விட, வேலையை வரிசை மாத்திச் செஞ்சு சீட்டை விட்டவங்கதான் ஜாஸ்தி. எல்லாரும் முதல்ல எஸ்ஓபி, அதாவது ஏன் இந்தப் படிப்புன்னு விளக்கற லெட்டர், எழுத உக்காந்துடறாங்க. அது நம்ம கையில இருக்கற வேலை, ரெண்டு ராத்திரியில முடிச்சிடலாம். காலேஜ் ஆபீஸ், பாஸ்போர்ட் ஆபீஸ், பேங்க், இதெல்லாம் நம்ம கையில இல்ல, அதனால அதைத்தான் முதல்ல கிளப்பி விடணும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையிலதான் போகும்.

தேதிகளை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. ஸ்வீடன்ல செமஸ்டர் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்துல ஆரம்பிக்கும். அதுக்கான இன்டர்நேஷனல் அப்ளிகேஷன் முந்தின வருஷம் அக்டோபர் நடுவுல திறந்து ஜனவரி 15ல மூடிடும். டாகுமென்ட்டும் அப்ளிகேஷன் ஃபீஸும் பிப்ரவரி முதல் நாட்களுக்குள்ள போய்ச் சேரணும், ரிசல்ட் மார்ச் கடைசியில. அதாவது 2027 ஆகஸ்ட்ல கிளாஸ்ல உக்காரணும்னா 2026 ஆகஸ்ட்லயே வேலையைத் தொடங்கிடணும்.

1. பாஸ்போர்ட்டும் பேரும் (ஆகஸ்ட்)

பாஸ்போர்ட்டை எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, எப்ப முடியுது. ஸ்வீடன்ல படிக்கறதுக்குத் தர்ற ரெசிடென்ஸ் பர்மிட் பாஸ்போர்ட் முடியற தேதியைத் தாண்டிப் போகாது, அதனால பத்து மாசத்துல முடியற பாஸ்போர்ட்ட வச்சு அப்ளை பண்ணா பர்மிட்டும் அந்தப் பத்து மாசத்துக்குத்தான் வரும். 12 மாசத்துக்குக் கொறைஞ்ச பர்மிட்டோட அங்க போய் இறங்கினா என்னென்ன கிடைக்காதுன்னு 10வது பகுதியில சொல்றேன். ரின்யூ பண்றதுன்னா இப்பவே பண்ணிடுங்க.

ரெண்டாவது, பேர். இது நம்ம ஊர்க்காரங்களுக்கே உள்ள தலைவலி. மார்க்‌ஷீட்ல இனிஷியலோட இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா விரிச்சு சர்நேம் இடத்துல இருக்கும், சிலருக்கு சர்நேம் இடமே காலியா இருக்கும். அங்க பேப்பரைப் பாக்கற ஆளுக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது, ரெண்டும் ஒரே ஆள்தானான்னு சந்தேகம் வந்துடும். அதனால ஒரு விதி வச்சுக்கோங்க: பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே அப்ளிகேஷன் அக்கவுண்ட்லயும், இங்கிலிஷ் டெஸ்ட் ரெஜிஸ்ட்ரேஷன்லயும், பேங்க் கணக்குலயும் இருக்கணும். மார்க்‌ஷீட்டை மாத்த முடியாது, அதனால பாஸ்போர்ட்டோட போட்டோ பக்கத்தையும் சேர்த்து அப்லோட் பண்ணிடுங்க. சர்நேம் காலியா இருக்கறவங்க ரின்யூ பண்ணும்போதே அதைச் சரி பண்ணிக்கறது நல்லது, பின்னாடி பேங்க் வரைக்கும் எல்லா ஃபார்ம்லயும் அந்தக் காலி இடம் துரத்தும்.

2. காலேஜ் பேப்பர் (ஆகஸ்ட், செப்டம்பர்)

படிச்சு முடிச்சவங்களுக்கு டிகிரி சர்டிஃபிகேட்டும் எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டும் வேணும். கான்வொகேஷன் ஆகலன்னா ப்ரொவிஷனல் செல்லுமான்னு கேப்பாங்க. அப்ளிகேஷன் நடக்கற 'யுனிவர்சிட்டி அட்மிஷன்ஸ்'ங்கற தளத்துல ஒவ்வொரு நாட்டுக்கும் தனியா ஒரு பக்கம் இருக்கு, எந்த சர்டிஃபிகேட், யார் குடுத்தது, எப்படி அனுப்பணும்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும். உங்க டிகிரியை எந்த நாட்டுல வாங்கினீங்களோ அந்த நாட்டுப் பக்கத்தைப் படிக்கணும். கொழும்புல படிச்சவர் இலங்கைப் பக்கத்தை, கோயம்புத்தூர்ல படிச்சவர் இந்தியப் பக்கத்தை. ஃப்ரெண்டு போன வருஷம் இப்படித்தான் அனுப்பினான்னு சொல்றதை வச்சு அனுப்பாதீங்க, விதிகள் வருஷா வருஷம் மாறுது.

கடைசி வருஷம் படிச்சிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இதுல அதிகமா அடி விழுது. படிப்பு முடியப் போகுதுன்னு உங்க கல்வி நிறுவனமே எழுத்துல உறுதி தரணும், யார் கையெழுத்து செல்லும்னு அதே நாட்டுப் பக்கத்துல இருக்கும். ஹெச்ஓடி கிட்ட ஒரு லெட்டர் வாங்கி சீல் போட்டு அனுப்பிட்டு நிம்மதியா இருந்த ஒரு பொண்ணோட அப்ளிகேஷன் தகுதி இல்லன்னு வந்துச்சு. அவ மார்க் நல்ல மார்க், அரியர் ஒண்ணு கூட இல்ல. தப்பான ஆபீஸ்ல கையெழுத்து வாங்கினதுதான் காரணம். கன்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ் ஆபீஸ்ல ஒரு பேப்பர் வாங்க எத்தனை தடவை நடக்கணும்னு உங்களுக்கே தெரியும், அதுவும் டிசம்பர்ல செமஸ்டர் எக்ஸாம் நடக்கும்போது யாரும் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க. செப்டம்பர்லயே போங்க.

ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் பண்ணுங்க. நம்ம மார்க்‌ஷீட்டுக்குப் பின்னாடிதான் கிரேடுக்கான விளக்கம் இருக்கும், அது இல்லாம உங்க 8.2 எத்தனைக்கு 8.2ன்னு அவங்களுக்குத் தெரியாது. போன்ல போட்டோ எடுத்து நிழல் விழுந்த படத்தை எல்லாம் அனுப்பாதீங்க, கலர்ல ஸ்கேன், பிடிஎஃப், அவ்வளவுதான்.

3. இங்கிலிஷ் டெஸ்ட் (செப்டம்பர், அக்டோபர்)

ஸ்வீடன்ல இங்கிலிஷ்ல நடக்கற பெரும்பாலான மாஸ்டர்ஸுக்கு 'இங்கிலிஷ் 6'ங்கற நிலை கேப்பாங்க. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்ல அது மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலயும் 5.5க்குக் கீழ போகக் கூடாது. மொத்தம் 7.5 வாங்கிட்டு ரைட்டிங்ல மட்டும் 5 வாங்கினா தகுதி இல்லை, அதனால ரைட்டிங்குக்குத் தனியா உழைங்க. அகாடமிக்னு பாத்து புக் பண்ணுங்க, ஜெனரல் ட்ரெய்னிங் எழுதிட்டு வந்து நிக்கறவங்க இன்னமும் இருக்காங்க.

இதை ஏன் அக்டோபருக்குள்ள முடிக்கச் சொல்றேன்னா, ஒரு பகுதியில தவறிட்டா திரும்ப எழுத நவம்பர், டிசம்பர் கையில இருக்கும். ஜனவரியில முதல் தடவையா எழுதினா ரெண்டாவது வாய்ப்பே கிடையாது. காலேஜ்ல இங்கிலிஷ் மீடியம்னு ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துடலாம்னு பலர் நம்பி இருக்காங்க, வேற நாடுகளுக்கு அது ஓடலாம். ஸ்வீடன் தளத்துல உங்க நாட்டுக்கு, உங்க படிப்புக்கு அது செல்லும்னு எழுதியிருந்தா மட்டும் நம்புங்க, இல்லன்னா டெஸ்ட் எழுதிடுங்க.

4. ப்ரோகிராம் தேடறது, தகுதிக் கணக்குப் போடறது (அக்டோபர், நவம்பர்)

ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கும் தனித்தனியா அப்ளை பண்ற வேலை இங்க இல்ல. ஸ்வீடன் அரசோட உயர்கல்வி கவுன்சில் நடத்தற யுனிவர்சிட்டி அட்மிஷன்ஸ் தளத்துல ஒரே அப்ளிகேஷன். அதுல மாஸ்டர்ஸ்னா நாலு ப்ரோகிராம் வரைக்கும் வரிசைப்படுத்திக் குடுக்கலாம். நாலுதான்ங்கறதால தேடறதுல செலவழிக்கற நேரம் வீணாகாது.

முதல்ல கிரெடிட்டைப் புரிஞ்சுக்கோங்க. ஒரு வருஷ முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. ப்ரோகிராம் பேர் பக்கத்துல 120னு இருந்தா ரெண்டு வருஷம், 60னு இருந்தா ஒரு வருஷம். பேரைப் பாத்து மயங்கி 60 கிரெடிட் ப்ரோகிராம்ல சேந்துட்டு, வேலை தேட நேரமே இல்லாம ஒரு வருஷத்துல படிப்பு முடிஞ்சு தவிச்சவங்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது நுழைவு நிபந்தனை. இதை யுனிவர்சிட்டியோட சொந்தத் தளத்துல படிக்கணும், சுருக்கமா வேற எங்கயோ போட்டிருக்கறதைப் படிக்கக் கூடாது. பேச்சிலர் டிகிரி வேணும்ங்கறது பொது நிபந்தனை. அதுக்குக் கீழ 'கணிதத்துல குறைஞ்சது 30 கிரெடிட்' மாதிரி ஒரு வரி இருக்கும், நிறைய பேர் அந்த வரியிலதான் விழறாங்க. நான் மேத்ஸ் நாலு பேப்பர் படிச்சேனே, போதும்னு நெனச்சுப்பாங்க. கணக்குப் போட்டுப் பாக்கணும்.

கணக்கு இப்படி. நம்ம நாலு வருஷ பிஇயை 240 கிரெடிட்டா எடுத்துக்கோங்க. உங்க காலேஜ்ல மொத்தம் 160 கிரெடிட், அதுல மேத்ஸ் பேப்பர் நாலு, ஒவ்வொண்ணும் 4 கிரெடிட், மொத்தம் 16னு வைங்க. 16ஐ 160ஆல வகுத்து 240ஆல பெருக்கினா 24 வரும். 30 கேட்ட இடத்துல 24தான் இருக்கு. அப்ப ப்ராபபிலிட்டி, டிஸ்க்ரீட் மேத்ஸ், நியூமரிக்கல் மெத்தட்ஸ்னு வேற பேர்ல படிச்சது ஏதாவது இருக்கான்னு சிலபஸைத் தோண்டணும். இருந்தா அந்த சிலபஸ் பக்கத்தையும் சேத்து அனுப்பலாம், பேப்பர் பேரை மட்டும் பாத்து உள்ள என்ன இருக்குன்னு அவங்களால கண்டுபிடிக்க முடியாது. இது தோராயக் கணக்குதான், முடிவு அவங்க கையில, ஆனா 30 கேக்கற இடத்துல உங்களுக்கு 12தான் வருதுன்னா நாலு இடத்துல ஒண்ண அதுக்கு வீணாக்காதீங்க.

கட்டணத்தையும் இப்பவே பாத்துடுங்க. ஐரோப்பிய யூனியன், ஐரோப்பியப் பொருளாதார மண்டலம், சுவிட்சர்லாந்து, இந்தக் குடியுரிமை இல்லாதவங்களுக்கு 2011 இலையுதிர்காலத்துல இருந்து ட்யூஷன் ஃபீஸ் உண்டு. இன்ஜினியரிங் மாஸ்டர்ஸ்னா வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் க்ரோனருக்கு (ஸ்வீடன் பணம்) அக்கம் பக்கமா இருக்கும், சமூக அறிவியல், ஹ்யூமானிட்டீஸ் பக்கம் கொஞ்சம் கம்மி, கலை, ஆர்க்கிடெக்சர் எல்லாம் இன்னும் ஏறும். பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க், நார்வே பாஸ்போர்ட் வச்சிருக்கற நம்ம இலங்கைத் தமிழ்ப் பிள்ளைங்க அப்ளிகேஷன் ஃபீஸும் கட்ட வேண்டாம், ட்யூஷனும் கட்ட வேண்டாம், குடியுரிமைச் சான்றை மட்டும் அப்லோட் பண்ணணும். அதை மறந்துட்டா ஃபீஸ் கட்டச் சொல்லிக் கேக்கும். லண்டன், கனடா பாஸ்போர்ட்காரங்க கட்டணும்.

பிஹெச்டிக்கு இந்த வழி கிடையாது. ஸ்வீடன்ல பிஹெச்டி பொதுவா ஒரு வேலை மாதிரி, சம்பளம் குடுப்பாங்க, ஃபீஸ் இல்ல, யுனிவர்சிட்டியோட வேலைவாய்ப்புப் பக்கத்துல வர்ற விளம்பரத்துக்கு நேரா அப்ளை பண்ணணும்.

5. நாலையும் வரிசைப்படுத்தறது

இதுல தப்பு பண்ணா பின்னாடி திருத்தவே முடியாது, அதனால நிதானமாப் படிங்க.

வரிசைங்கறது உங்க ஆசையோட வரிசை. உங்களுக்கு எந்த மிக உயர்ந்த இடம் கிடைக்குதோ அந்த ஒரு சீட்தான் தருவாங்க, அதுக்குக் கீழ இருக்கற எல்லாத்தையும் சிஸ்டமே அழிச்சிடும். உதாரணத்துக்கு முதல்ல ஸ்டாக்ஹோம் கேடிஎச், ரெண்டாவது கோதன்பர்க் சால்மர்ஸ், மூணாவது லின்ஷோப்பிங், நாலாவது உமியோன்னு போட்டிருக்கீங்க. சால்மர்ஸ் கிடைச்சா லின்ஷோப்பிங்கும் உமியோவும் போயிடும், கேடிஎச்ல ரிசர்வ் லிஸ்ட்ல, அதாவது வெயிட்டிங் லிஸ்ட்ல, இருந்தா அது மட்டும் நிக்கும். முதல் சாய்ஸே கிடைச்சிடுச்சுன்னா மத்த மூணும் காலி.

நம்ம பசங்க என்ன பண்றாங்கன்னா, ஈஸியா கிடைக்கறதை மேல போட்டு சேஃப் பண்ணிக்கலாம்னு நினைக்கறாங்க. இன்ஜினியரிங் கவுன்சிலிங் பழக்கம் வச்சுப் பாத்தாலே தெரியும், கவுன்சிலிங்ல யாராவது பிடிக்காத காலேஜை முதல் சாய்ஸாப் போடுவாங்களா? சேஃபான இடம் நாலாவதா இருந்தாலும் சேஃப்தான், மேல உள்ள மூணும் கிடைக்கலன்னா அது தானா வரும். அதை மேல தூக்கி வச்சா மேல போற வழியை நீங்களே அடைக்கறீங்க.

இதுல ஒரு முடிச்சு இருக்கு: ஸ்காலர்ஷிப். கேடிஎச், சால்மர்ஸ் மாதிரி இடங்கள்ல அவங்க ஸ்காலர்ஷிப் வேணும்னா அவங்க ப்ரோகிராமை முதல் சாய்ஸாப் போட்டிருக்கணும். ஸ்காலர்ஷிப் இல்லாம போகவே முடியாதுங்கற குடும்பம்னா, எந்த யுனிவர்சிட்டியோட ஸ்காலர்ஷிப்புக்கு உங்க மார்க்கும் அனுபவமும் பொருந்துதுன்னு பாத்துட்டு அதுக்கப்புறம்தான் முதல் சாய்ஸை முடிவு பண்ணணும். ஜனவரி 15 வரைக்கும் வரிசையை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், அதுக்கப்புறம் கெஞ்சினாலும் மாத்த முடியாது.

6. அப்ளிகேஷன் போடறது (நவம்பர் கடைசிக்குள்ள)

தளத்துல சேர்க்கறதும் சப்மிட் பண்றதும் பத்து நிமிஷ வேலை. கூட எந்தெந்தப் பேப்பர் வேணும்ங்கறது ப்ரோகிராமுக்கு ப்ரோகிராம் மாறும். சில இடத்துல மார்க்‌ஷீட் மட்டும் போதும், சில இடத்துல எஸ்ஓபி, சிவி, சில இடத்துல சம்மரி ஷீட்னு அவங்களே ஒரு ஃபார்ம் வச்சிருப்பாங்க. நாலு ப்ரோகிராமுக்கும் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு எது எதுக்கு என்ன வேணும்னு எழுதிக்கோங்க. சம்மரி ஷீட் கேட்ட இடத்துல அனுப்பலன்னா போட்டியில பின்னால தள்ளிடுவாங்க.

எஸ்ஓபி பத்தி ரொம்பச் சொல்லப் போறதில்ல. சின்ன வயசுல இருந்தே எனக்கு கம்ப்யூட்டர் மேல ஆசைன்னு தொடங்காதீங்க. அந்த ப்ரோகிராம்ல எந்தெந்தக் கோர்ஸ் இருக்குன்னு சிலபஸைப் பாத்து, நீங்க செஞ்ச ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அதுல எங்க போய்ச் சேருதுன்னு எழுதுங்க, ஒரு பக்கம் போதும். நாலு யுனிவர்சிட்டிக்கும் ஒரே லெட்டரைப் போட்டு, லுண்டுக்குப் போற லெட்டர்ல உப்சாலா பேர் இருக்கற கொடுமையையும் பாத்திருக்கேன்.

அப்ளிகேஷன் ஃபீஸ் 900 க்ரோனர். ஒரு ப்ரோகிராம் போட்டாலும் நாலு போட்டாலும் ஒரே ஃபீஸ்தான். நம்ம டெபிட் கார்டுல இன்டர்நேஷனல் ட்ரான்சாக்‌ஷன் பொதுவா ஆஃப்ல இருக்கும், பேங்க் ஆப்ல அதை ஆன் பண்ணிட்டு கட்டுங்க. கட்டின அப்புறம் ரெண்டு மூணு நாள்ல அக்கவுண்ட்ல 'கட்டியாச்சு'ன்னு காட்டுதான்னு பாருங்க. பணம் இங்க இருந்து கிளம்பின தேதிக்கு மதிப்பில்ல, கெடு தேதிக்குள்ள அங்க போய்ச் சேந்திருக்கணும். அப்லோட் பண்ண பேப்பரையும் அதே மாதிரி நாலு நாள் கழிச்சு திறந்து பாருங்க, பாதி ஏறின ஃபைலைப் பல தடவை பாத்திருக்கேன்.

7. ஸ்காலர்ஷிப் (ஜனவரி, பிப்ரவரி)

ஸ்காலர்ஷிப் அட்மிஷனோட தானா வராது, தனியா அப்ளை பண்ணணும். லுண்ட், உப்சாலா, லின்ஷோப்பிங், கேடிஎச், சால்மர்ஸ் எல்லாத்துலயும் சொந்தமா இருக்கு, பெரும்பாலும் ட்யூஷன்ல ஒரு பகுதியோ முழுசாவோ குறைப்பாங்க, சாப்பாடு, வாடகைக்குப் பணம் தர மாட்டாங்க. இந்தக் கடைசி வரியைப் பெத்தவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, ஃபுல் ஸ்காலர்ஷிப்னு கேட்டதும் செலவே இல்லன்னு நினைச்சுடறாங்க.

வாழ்க்கைச் செலவையும் சேத்துத் தர்றது ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் குடுக்கற ஸ்காலர்ஷிப். அதுக்கு 3,000 மணி நேர வேலை அனுபவம் காட்டணும், எந்தெந்த நாட்டுக்காரங்க அப்ளை பண்ணலாம்ங்கற பட்டியல் வருஷா வருஷம் மாறும். முதல்ல பட்டியல்ல உங்க நாடு இருக்கான்னு பாத்துட்டு மத்த வேலையை ஆரம்பிங்க.

8. ரிசல்ட் வந்ததும் (மார்ச் கடைசி)

ரிசல்ட் உங்க அக்கவுண்ட்ல வரும். ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் நேரா சீட் கிடைச்சதா, ரிசர்வ்ல எத்தனாவது இடம், தகுதி இல்லையா, அழிஞ்சு போச்சான்னு இருக்கும். 'தகுதி இல்லை'ன்னு வந்து, அவங்க ஒரு பேப்பரைக் கவனிக்கலன்னு உங்களுக்கு உறுதியாத் தெரிஞ்சா உடனே அந்த யுனிவர்சிட்டி அட்மிஷன் ஆபீஸுக்கு மரியாதையா மெயில் போடுங்க, எந்த ஃபைல், எந்தப் பக்கம்னு குறிப்பிட்டு. நிபந்தனையோட சீட் வந்தவங்க அந்த நிபந்தனை என்ன, எப்ப வரைக்கும் டைம்னு காலண்டர்ல எழுதி வச்சுக்கோங்க.

9. ஃபீஸ் கட்டி பர்மிட் வாங்கறது (ஏப்ரல் முதல் ஜூன்)

வரிசை மாறவே கூடாத இடம் இது. முதல் தவணை ட்யூஷன் ஃபீஸ் கட்டணும், அதுக்கப்புறம்தான் ரெசிடென்ஸ் பர்மிட் அப்ளிகேஷன். குடிவரவுத் துறைக்கு, அவங்க பேரு மிக்ரஷூன்ஸ்வெர்க்கெத், ஃபீஸ் கட்டினது தெரியாம அப்ளிகேஷன் நகராது. இன்வாய்ஸ்ல கடைசித் தேதி ஜூன்னு போட்டிருக்கும், ஜூன்ல கட்டி ஜூன் கடைசியில பர்மிட்டுக்குப் போட்டா ஆகஸ்ட்டுக்குள்ள வருமாங்கற பதட்டத்துல தூக்கம் போயிடும். ஏப்ரல்லயே கட்டினவங்கதான் நிம்மதியா விமானம் ஏறினாங்க. பர்மிட் மறுத்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து தள்ளிப் போடாதீங்க, அந்தக் காரணத்துக்கு யுனிவர்சிட்டி ஃபீஸைத் திருப்பித் தரும், எப்படின்னு அவங்க ஃபீஸ் பக்கத்துல எழுதியிருக்கும்.

பேங்க்ல இருந்து அனுப்பும்போது ரெண்டு விஷயம். இன்வாய்ஸ்ல இருக்கற ரெஃபரன்ஸ் நம்பரை எழுதச் சொல்லுங்க, இல்லன்னா யார் பணம்னே தெரியாம கிடக்கும். வழியில இருக்கற பேங்க் எல்லாம் பிடிக்கற சார்ஜை நீங்களே ஏத்துக்கறதா சொல்லி அனுப்புங்க, இல்லன்னா அங்க போய்ச் சேரும்போது 200 க்ரோனர் கொறைஞ்சு, முழுசா கட்டலன்னு நிக்கும்.

அடுத்தது வாழ்க்கைச் செலவுக்கான பணம். 2025ல மாசத்துக்கு 10,584 க்ரோனர் காட்டணும்னு இருந்துச்சு, 12 மாசத்துக்குக் கணக்குப் போட்டா 1,27,008. இந்தத் தொகை வருஷா வருஷம் விலைவாசியோட ஏறும், அதனால நீங்க அப்ளை பண்ற நாள்ல என்ன தொகைன்னு பாத்து, ரூபாய் மதிப்பு இறங்கினாலும் தாங்கற மாதிரி கொஞ்சம் மேலயே வைங்க. பணம் உங்க பேர்ல உள்ள கணக்குல இருக்கணும். அப்பா கணக்குல எவ்வளவு இருந்தாலும், நிலம், நகை மதிப்பு எவ்வளவு இருந்தாலும் இதுல சேராது. லோன் எடுக்கறவங்க பேங்க் லெட்டர்ல வாழ்க்கைச் செலவுக்குன்னு எவ்வளவுன்னு தனியா எழுதியிருக்கான்னு பாருங்க, ட்யூஷனுக்கு மட்டும் சாங்ஷன் ஆன லோனை வச்சு இந்த நிபந்தனையை நிறைவேத்த முடியாது. முந்தின நாள் மொத்தமா கணக்குல வந்து விழுந்த பணம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேள்வி வரும். அதனால குடும்பத்துல பேசி முடிவெடுக்கற வேலையை மார்ச்சுக்கு முன்னாடியே முடிச்சு, பணத்தைக் கணக்குக்குக் கொண்டு வந்துடுங்க.

பர்மிட்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணி 1,500 க்ரோனர் கட்டணும். அதுக்கப்புறம் பாஸ்போர்ட்டை நேர்ல காட்டி, போட்டோ, கைரேகை குடுக்கற வேலை இருக்கு. அதுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்காது, அதனால அப்ளை பண்ண அன்னைக்கே புக் பண்ணிடுங்க. பர்மிட் கார்டு கையில வர்றதுக்கு முன்னாடி திருப்பித் தராத டிக்கெட்டை எடுக்காதீங்க, ப்ளீஸ்.

10. வீடும் முதல் மூணு வாரமும் (ஏப்ரல்ல இருந்தே)

வீடு தேடறதை பர்மிட் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு விடறது பெரிய தப்பு. அங்க மாணவர் வீடுகள் பெரும்பாலும் க்யூ முறை, நீங்க பதிவு பண்ண நாள்ல இருந்து எத்தனை நாள் ஆச்சோ அதுதான் உங்க மதிப்பு. ஸ்டாக்ஹோம்ல எஸ்எஸ்எஸ்பி, கோதன்பர்க்ல எஸ்ஜிஎஸ், லுண்ட்ல ஏஎஃப்னு ஊருக்கு ஊர் மாணவர் வீட்டு நிறுவனம் இருக்கு, விதிகளைப் படிச்சுட்டு முடிஞ்ச அன்னைக்கே பதிவு பண்ணிடுங்க. ட்யூஷன் ஃபீஸ் கட்டற மாணவர்களுக்கு முதல் வருஷம் அறை ஏற்பாடு பண்ணித் தர்ற யுனிவர்சிட்டிகளும் இருக்கு, அதுக்கு தனி ஃபார்ம், தனி கெடு. அட்மிஷன் மெயில்ல நாலாவது பத்தியில இருக்கற லிங்க்கை யாரும் திறந்து பாக்காம விட்டுடறாங்க. ஃபேஸ்புக்ல சாவியை கொரியர்ல அனுப்பறேன், அட்வான்ஸ் போடுங்கன்னு யார் சொன்னாலும் பணம் போடாதீங்க, உண்மையான வீட்டுக்காரர் அப்படிக் கேக்க மாட்டார்.

இறங்கினதும் வரிசை இதுதான்: வாடகை ஒப்பந்தத்துல உங்க பேர், வரித்துறையில குடியிருப்புப் பதிவு, பெர்சோன்நம்பர் (ஆளுக்கு ஒண்ணுன்னு தர்ற அடையாள எண்), ஐடி கார்டு, பேங்க் கணக்கு, பேங்க்ஐடி (ஆன்லைன்ல நீங்கதான்னு காட்டற டிஜிட்டல் ஐடி). ஒண்ணு இல்லாம அடுத்தது நகராது. வரித்துறை, அதாவது ஸ்காத்தேவெர்க்கெத், நீங்க ஒரு வருஷமாவது இருக்கப் போறீங்கன்னு பாத்துதான் பெர்சோன்நம்பர் தரும், முதல் பகுதியில பாஸ்போர்ட் தேதியைப் பாக்கச் சொன்னது இதுக்குத்தான். அந்த நம்பர் இல்லாம ஆஸ்பத்திரி, மொபைல் ப்ளான், ஸ்விஷ்ங்கற போன் பேமென்ட் ஆப், எல்லாமே சுத்தி வளைச்சுப் போற வேலையாயிடும். முதல் வாரமே போய் பதிவு பண்ணுங்க, நம்பர் வர வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் செலவுக்கு இங்க இருந்தே ஒரு ஃபாரெக்ஸ் கார்டு கொண்டு போங்க. நம்பர் கைக்கு வந்ததும் எஸ்எஃப்ஐங்கற இலவச ஸ்வீடிஷ் வகுப்புல சேந்துடுங்க, பார்ட் டைம் வேலைக்குப் போனவங்கள்ல கொஞ்சம் ஸ்வீடிஷ் பேசினவங்களுக்குத்தான் சீக்கிரம் கிடைச்சுது.

11. படிப்பு தொடங்கினதும் கட்டாயம் செய்ய வேண்டிய மூணு பதிவு

அட்மிஷன் வந்துட்டா சேந்தாச்சுன்னு அர்த்தமில்ல. செமஸ்டர் தொடக்கத்துல உங்க பேரை நீங்களே ரெஜிஸ்டர் பண்ணணும், பெரும்பாலும் லாடோக்ங்கற சிஸ்டம்ல. குறிச்ச நாளுக்குள்ள பண்ணலன்னா சீட் ரிசர்வ்ல இருக்கற அடுத்த ஆளுக்குப் போயிடும். அடுத்தது ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியா ரெஜிஸ்டர் பண்ணணும்.

மூணாவதுதான் நம்ம பசங்க கண்டிப்பா கோட்டை விடறது: எக்ஸாமுக்குப் பதிவு. நம்ம ஊர்ல ஹால் டிக்கெட் தானா வரும், அங்க தெந்தா, அதாவது எக்ஸாம், எழுதறேன்னு நீங்க முன்கூட்டியே சொல்லணும். லின்ஷோப்பிங்ல எக்ஸாமுக்குப் பத்து நாள் முன்னாடி பதிவு மூடிடும், அதுக்கப்புறம் ப்ரொஃபசர் கால்ல விழுந்தாலும் அவரால ஒண்ணும் பண்ண முடியாது. என் கூடப் படிச்ச ஒரு பையன் ராத்திரி பகலா படிச்சிட்டு காலையில ஹால் வாசல் வரைக்கும் போய், லிஸ்ட்ல பேர் இல்லன்னு திரும்பி வந்தான், ஓம்தெந்தாங்கற மறு தேர்வு வர்ற வரைக்கும் காத்திருந்தான். படிப்பு முன்னேறுதான்னு கிரெடிட்டைப் பாத்துத்தான் பர்மிட்டை நீட்டிப்பாங்க, அதனால ஒரு பேப்பர் தள்ளிப் போறது அங்க சின்ன விஷயம் இல்ல. கோர்ஸ் தொடங்கற அன்னைக்கே எக்ஸாம் தேதி, பதிவு திறக்கற தேதி, மூடற தேதி, மூணையும் போன்ல அலாரம் வச்சிடுங்க.